வளராத கிருமியும் மாசெனத் தள்ளிய கிருமியும்: செயற்கை மூட்டுத் தொற்றைக் கண்டறிந்த வரலாறு

குளுவாங் வட்டாரத்தின் வரலாற்றைப் பால்மரத்தை விட்டுவிட்டு எழுத இயலாது. 1909ஆம் ஆண்டில் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின், ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ, நியோர் எனப் பாதையோரம் எழுந்த தோட்டங்களில் தமிழர் குடியமர்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் குனிந்தும் குந்தியும் பட்டை சீவி, நிறைந்த பால்வாளிகளைத் தோளில் காவிச் சென்ற வாழ்வு அது. அந்தத் தலைமுறையில் எஞ்சியோர் இன்று முதுமையில் உள்ளனர். பல்லாண்டுக் காலம் குந்தி எழுந்த முழங்கால்கள் தேய்ந்து, படியேறவும் தரையில் அமரவும் இயலாத நிலையில், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை அவர்களுக்கு மீண்டும் நடக்கும் வாய்ப்பைத் தருகிறது.

அவ்வாறு பொருத்தப்பட்ட செயற்கை மூட்டு பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் உழைக்கிறது. சிலருக்கோ மூட்டு வலிக்கிறது, வீங்குகிறது, எலும்பிலிருந்து தளர்கிறது. தளர்ச்சிக்குத் தேய்மானம் காரணமா, கிருமி காரணமா என்னும் வினா அப்போது எழுகிறது. தேய்மானம் என்றால் பழைய மூட்டை எடுத்த அன்றே புதியதைப் பொருத்தலாம். கிருமி என்றால் உள்ளே உள்ளவற்றையெல்லாம் அகற்றி, வாரக்கணக்கில் மருந்து செலுத்தி, பலருக்கு இரண்டாவது அறுவைக்குப் பின்னரே புதிய மூட்டைப் பொருத்த வேண்டும். விடை பிழையானால் நோயாளி நடையை இழக்கலாம். சிலர் காலையும், சிலர் உயிரையும் இழப்பதுண்டு. அந்த விடையைச் சொல்லும் பொறுப்பில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது.

ஆய்வுக்கூடம் ஈரிடங்களில் தவறக்கூடும். கிருமி உள்ளே இருந்தும் வளர்ப்புத் தட்டில் வளராதபோது ‘தொற்று இல்லை’ எனக் கூறுதல் ஒன்று. வளர்ந்த கிருமியைத் தோலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து கலந்த ‘மாசு’ எனத் தள்ளுதல் மற்றொன்று. கடந்த அறுபது ஆண்டுகளில் செயற்கை மூட்டுத் தொற்றைக் கண்டறியும் முறை அடைந்த வளர்ச்சி, இவ்விரு தவறுகளையும் படிப்படியாகக் குறைத்த வரலாறே ஆகும். அவ்வரலாற்றின் பெரும்பகுதி இங்கிலாந்திலும் சுவீடனிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. ஆயினும் அதற்கு முன்னோடியான ஒரு பாடம் இரங்கூனிலும் கோலாலம்பூரிலும் கற்கப்பட்டது. அதில் தமிழ்ப் பெயர்களும் உள்ளன. இவ்விரு வரலாறுகளையும் ஒருசேர வைத்து நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மூட்டும் தொற்றும் ஒருங்கே பிறந்தன

செயற்கை மூட்டின் வரலாறு தொடங்கும்போதே தொற்றின் வரலாறும் தொடங்கிவிடுகிறது. 1890ஆம் ஆண்டில் பெர்லினில் தெமிஸ்டோக்கிளஸ் குளுக் என்னும் அறுவை மருத்துவர், காசநோயால் சீர்கெட்ட மூட்டுகளை நீக்கி, யானைத் தந்தத்தால் செய்த மூட்டுகளைப் பொருத்தினார். கருத்து காலத்தை விஞ்சியது. ஆனால் ஏற்கெனவே கிருமி குடியிருந்த எலும்பில் அந்நியப் பொருளை வைத்ததால், தொற்று மீண்டும் தலையெடுத்தது, மூட்டுகளும் நிலைக்கவில்லை.

இன்றைய இடுப்பு மாற்று அறுவைக்கு அடித்தளம் இட்டவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில், 1962ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், உலோகப் பந்தையும் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் கொண்ட மூட்டை அவர் பொருத்தத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் தொற்றுக்கு ஆளாயினர். அறுவை அறையின் காற்றே கிருமிகளைச் சுமந்து வருகிறது என ஐயுற்ற சார்ன்லி, வடிகட்டிய தூய காற்று மேலிருந்து பாயும் தனி அடைப்பை அமைத்தார்; உடல் முழுவதையும் மூடும் உடையையும் வகுத்தார். 1970 வாக்கில் அவருடைய மருத்துவமனையில் தொற்று ஒரு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. பின்னர் 19 மருத்துவமனைகளில் 8,000க்கும் மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்டு 1982இல் வெளிவந்த லிட்வெல் குழுவின் ஆய்வு, தூய காற்றால் ஆழ்தொற்று பாதிக்கும் கீழாகக் குறைவதை உறுதிப்படுத்தியது.

தடுப்பில் பெற்ற இவ்வெற்றி, கண்டறிதலில் ஒரு புதிய சிக்கலை உருவாக்கியது. தொற்று அரிதாகியபோது, எஞ்சிய தொற்று வெளிப்படையான சீழும் காய்ச்சலும் கொண்டதாக மட்டும் இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்லிய வலியாக மட்டும் தங்கி, தேய்மானம்போல் தோன்றும் மறைதொற்றும் அதில் அடங்கியிருந்தது. ஆய்வுக்கூடம் தேடவேண்டிய கிருமியின் அளவு குறைந்தது. அதன் சாயலும் மாறியது.

ஆய்வுக்கூடம் பெற்ற மரபு

1960களின் ஆய்வுக்கூடம் பயன்படுத்திய கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவானவை. 1881இல் இராபர்ட் கோக் திடமான ஊடகத்தில் கிருமிகளைத் தனித்தனியே வளர்த்துக் காட்டினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, சமையலறையில் தாம் அறிந்த கடற்பாசிக் கூழான அகார் அகாரைப் பரிந்துரைத்தார். நம் வீடுகளில் விருந்துக்குச் செய்யும் அதே அகார் அகார் அன்று முதல் உலகக் கிருமியியலின் தட்டாயிற்று. 1884இல் கிராம் என்பாரின் சாய முறையும், 1887இல் பெட்ரியின் மூடியிட்ட தட்டும் வந்து சேர்ந்தன.

அக்காலத்திலேயே ஒரு முன்முடிவும் வேரூன்றியது. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழில் கண்ட திராட்சைக் கொத்துப் போன்ற கிருமிக்கு ‘ஸ்டெபிலோகாக்கஸ்’ எனப் பெயரிட்டார். 1884இல் ரோசன்பாக் அதனைப் பொன்னிறம், வெண்ணிறம் என இரண்டாகப் பிரித்தார். பொன்னிறக் கிருமி சீழுக்கும் சாவுக்கும் காரணம் எனப் பழிக்கப்பட்டது. வெண்ணிறக் கிருமியோ எல்லார் தோலிலும் வாழும் தீங்கற்ற குடியாகக் கருதப்பட்டது. தட்டில் வெண்ணிறக் கிருமி வளர்ந்தால் அது மாதிரி எடுத்தவரின் கையிலிருந்து வந்த மாசு என்பதே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நிலவிய எண்ணம். செயற்கை மூட்டு அவ்வெண்ணத்தைக் குலைத்தது. இன்று செயற்கை மூட்டுத் தொற்றின் முதன்மைக் காரணிகளுள், பொன்னிறக் கிருமியோடு அந்த வெண்ணிறக் கிருமிக் கூட்டமும் சேர்ந்தே நிற்கிறது.

மாசு என்னும் சொல்லை ஆராயாமல் ஆள்வதால் நேரும் தீங்கை, செயற்கை மூட்டு தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் வட்டாரம் அறிந்திருந்தது. அதனை இங்கே நினைவுகூர்தல் தகும்.

இரங்கூன், கோலாலம்பூர்: முந்தைய பாடம்

1911ஆம் ஆண்டு இரங்கூன் பொது மருத்துவமனையின் பிணக்கூடத்தில், நுரையீரலும் கல்லீரலும் சீழ்க்கட்டிகளால் நிறைந்த உடல்களை ஆல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் கண்டனர். இறந்தோரில் பலர் மார்பின் ஊசிப் பழக்கமுடைய ஏழைகள். கட்டிகள் குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயை ஒத்திருந்தன. ஆனால் இறந்தோர்க்குக் குதிரைகளோடு தொடர்பு இல்லை. கட்டியிலிருந்து வளர்த்த கிருமியோ, கிளாண்டர்ஸ் கிருமியைப் போலன்றி, தானே இயங்கியது. ஊடகத்திலும் விரைந்து வளர்ந்தது. ஒத்திருப்பதால் ஒன்றே என முடிக்காமல், வேறுபாட்டைப் பின்தொடர்ந்து, புதிய நோய் எனும் முடிவுக்கு இருவரும் வந்தனர். 1912இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. பின்னாளில் உலகம் அதனை விட்மோர் நோய் என்றழைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் நூல்களின் அடிக்குறிப்பில் தங்கிவிட்டது.

அடுத்த அத்தியாயம் மலாயாவில் எழுதப்பட்டது. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் விலங்குக் கூடத்தில், 1913இல் கினிப் பன்றிகளும் முயல்களும் கொள்ளைநோய் கண்டு மடிந்தன. காரணம் இரங்கூன் கிருமியே எனப் பின்னர் தெளிவாயிற்று. அம்புரோஸ் ஸ்டான்டனும் வில்லியம் ஃபிளெட்சரும் 1921இல் அந்நோய்க்கு ‘மெலியாய்டோசிஸ்’ எனப் பெயர் சூட்டி, 1932இல் முழுநூல் ஒன்றை வெளியிட்டனர். எலிகளே இதனைப் பரப்புகின்றன என அவர்கள் கருதினர். கிருமியின் உண்மையான உறைவிடம் மண்ணும் தேங்கிய நீரும் என்பது பின்னரே விளங்கியது. மலேசிய மண்ணிலும் நீர்நிலைகளிலும் அது பரவியுள்ளதை விரிவாக அளந்த 1969ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில், ஸ்டிராஸ், குரோவ்ஸ் ஆகியோரோடு மாரியப்பன் என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது.

இக்கிருமி நுரையீரல், கல்லீரல் மட்டுமன்றி எலும்பையும் மூட்டையும் தாக்கும். செயற்கை மூட்டிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஆயினும் இதனை எதிர்பாராத ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் இதனை மண்ணிலிருந்து வந்த மாசு எனவோ வேறொரு சூடோமோனஸ் எனவோ ஒதுக்கிவந்தன. தானியங்கிக் கருவிகளும் இதனை நெருங்கிய இனங்களோடு மயங்கிக் காட்டுவதுண்டு. 1996இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேக்கப் ஜானும் அவர்தம் குழுவினரும், இந்தியாவில் கண்டறியப்பட்ட மெலியாய்டோசிஸ் நோயாளிகள் உண்மை எண்ணிக்கையில் ஒரு சிறு பகுதியே ஆகலாம் என எச்சரித்தனர். நோய் அரிது எனத் தோன்றுவதற்கு ஒரு காரணம், அதனைத் தேடுவோர் அரிது என்பதே.

தேடுவதற்கென ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஆஷ்டவுன் 1979இல் ஒரு தனி ஊடகத்தை வகுத்தார். பிற கிருமிகளை அடக்குவதற்காக அதில் ஜென்டாமைசின் மருந்து சேர்க்கப்பட்டது. மெலியாய்டோசிஸ் கிருமி அம்மருந்துக்கு அடங்காது என்பதே அதன் அடிப்படை. ஆனால் சரவாக்கில் வாழும் இக்கிருமியின் வகைகளில் மிகப் பலவும் ஜென்டாமைசினுக்கு அடங்குபவை என 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஓரிடத்தில் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் ஊடகமே மற்றோர் இடத்தில் அதனை மறைக்கவும் கூடும். எங்கோ வகுத்த முறையை உள்ளூர் மண்ணில் சோதித்துப் பார்க்காமல் ஏற்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கிருமி ஏன் ஒளிந்துகொள்கிறது

இனிச் செயற்கை மூட்டுக்குத் திரும்புவோம். உயிருள்ள தசையில் தோற்றுப்போகும் தீங்கற்ற தோல் கிருமி, உலோகத்தின்மேல் வெல்வது எவ்வாறு? 1957இல் எலெக், கோனன் ஆகிய இருவர், தன்னார்வலர் தோலில் நடத்திய சோதனையில் இதற்கு முதல் குறிப்பு கிட்டியது. பொன்னிறக் கிருமி சீழை உண்டாக்கப் பத்து இலட்சக் கணக்கில் தேவைப்பட்டது. அவ்விடத்தில் ஒரு பட்டுநூல் தையல் இருந்தாலோ, சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. அந்நியப் பொருள் அருகில் இருக்கும்போது உடலின் காவல் தளர்கிறது என்பது அதன் பொருள்.

1980களில் அந்தோணி கிரிஸ்டினாவும் வில்லியம் காஸ்டர்ட்டனும் அடுத்த படியை விளக்கினர். கிருமிகள் செயற்கைப் பொருளின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் தம்மைச் சுற்றி ஒரு படலத்தை அமைக்கின்றன. இதனையே இன்று உயிர்ப்படலம் என்கிறோம். நீர்த்தொட்டியின் உட்புறத்தில் வழுவழுப்பாகப் படியும் பாசியைக் கண்டவர்க்கு இது புதிதன்று. நீரை மாற்றினாலும் பாசி போகாது; தேய்த்தால்தான் போகும். படலத்துள் வாழும் கிருமி மெல்ல வளர்கிறது. மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. சுற்றியுள்ள நீரில் அது மிகக் குறைவாகவே உலவுகிறது. எனவே, மூட்டைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுத்து வளர்த்துப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ எனக் கூறுதல், தொட்டி நீரை முகந்து பார்த்துப் பாசியே இல்லை எனக் கூறுதலை ஒக்கும்.

இதனோடு மற்றொரு தடையும் சேர்ந்தது. ஹாம்பர்க் நகரின் புக்ஹோல்ட்ஸ் 1970இல் எலும்புச் சிமெண்டில் ஜென்டாமைசினைக் கலக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். தொற்றைத் தடுப்பதில் அது பெரும்பயன் விளைத்தது. ஆயினும் சிமெண்டிலிருந்து கசியும் மருந்து மாதிரியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், தட்டில் கிருமி வளர்வதை அது தடுக்கக்கூடும். கிருமி மடியாமல் வளர்ச்சி மட்டும் நின்றிருப்பதை, தட்டைப் பார்ப்பவர் கிருமியே இல்லாமை எனக் கொள்ள இடமுண்டு.

பல சாட்சிகளின் முறை

மாசு எது, நோய்க்கிருமி எது எனப் பிரிக்கும் வழியைச் சுவீடனின் லுண்ட் நகரில் கம்மேயும் லிண்ட்பெர்க்கும் 1981இல் வகுத்தனர். அறுவையின்போது ஒரே ஒரு துண்டுத் திசுவை அனுப்பாமல், வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து துண்டுகளை எடுத்தனர். வழக்கறிந்தோர் ஒருவர் சொல்லை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்கார். தற்செயலாக விழுந்த மாசு ஐந்தில் ஒன்றில் தோன்றலாம். ஐந்திலும் ஒரே கிருமி தற்செயலாகத் தோன்றுதல் அரிது. வெண்ணிறக் கிருமியை எப்போதும் மாசு என்றும், எப்போதும் குற்றவாளி என்றும் கொள்ளாமல், சாட்சிகளை எண்ணி முடிவு செய்யும் நெறி இவ்வாறு பிறந்தது.

அந்நெறிக்குக் கணக்கின் வலிமையை அளித்தது ஆக்ஸ்போர்டு ஆய்வு. 1998இல் அட்கின்ஸும் அவர்தம் குழுவினரும் 297 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் 41 பேர்க்குத் தொற்று இருந்தது. தொற்றுடையோரிடமிருந்து எடுத்த மாதிரிகளிலும் 65 விழுக்காட்டில் மட்டுமே கிருமி வளர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு மாதிரிகள், கிருமி இருந்தும் ‘இல்லை’ எனப் பொய்ச்சாட்சி கூறின. ஆதலால் ஐந்து அல்லது ஆறு மாதிரிகள் எடுக்கவேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் பிரித்தறிய இயலாத ஒரே கிருமி வளர்ந்தால் தொற்று என உறுதிகொள்ளலாம் என அவர்கள் வரையறுத்தனர். புதிய கருவி எதுவும் வாங்காமல், எண்ணிக்கையை மாற்றியதாலேயே பெற்ற முன்னேற்றம் இது.

படலத்தை உதிர்த்த ஒலி

கிருமி திசுவில் அன்று, உலோகத்தின் பரப்பிலேயே வாழ்கிறது என அறிந்தபின், எடுத்தெறியப்படும் மூட்டையே ஆராயலாகாதா என்னும் எண்ணம் எழுந்தது. அதே 1998இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்னி என்பாரும் உடன் பணியாற்றியோரும், அகற்றிய இடுப்பு மூட்டுகள் 120ஐ உயிர்வளி படாமல் எடுத்துச் சென்று, மெல்லிய மீயொலி அதிர்வால் படலத்தை உதிர்த்தனர். 26 மூட்டுகளிலிருந்து கிருமி வளர்ந்தது. அவற்றுக்குரிய திசு மாதிரிகளில் வழக்கமான முறையால் ஐந்தில் மட்டுமே அதே கிருமி கிட்டியது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் ஆண்ட்ரே டிராம்புஸ் குழுவினர் இம்முறையைச் செம்மைப்படுத்தி 2007இல் வெளியிட்டனர். அகற்றிய மூட்டை மூடிய கலத்தில் உப்புக் கரைசலோடு இட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் மீயொலிக்கு உட்படுத்தி, அந்நீரை வளர்த்தனர். 331 நோயாளிகளுள் 79 பேர்க்குச் செயற்கை மூட்டில் தொற்று இருந்தது. திசு வளர்ப்பு அவர்களுள் 60.8 விழுக்காட்டினரையும், மீயொலி நீர் வளர்ப்பு 78.5 விழுக்காட்டினரையும் கண்டறிந்தது. அறுவைக்கு முந்தைய பதினான்கு நாள்களுக்குள் ஆண்டிபயாட்டிக் மருந்து உட்கொண்டோரிடையே வேறுபாடு இன்னும் பெரிது: திசுவால் 45 விழுக்காடு, மீயொலியால் 75 விழுக்காடு. காலங்கருதாமல் கொடுக்கும் மாத்திரை, நோயைத் தீர்க்காமல் நோயின் சான்றை மட்டும் அழித்துவிடுவதை இவ்வெண்கள் அறிவிக்கின்றன. வேறு சில ஆய்வுக்கூடங்கள் மீயொலிக் கருவிக்கு மாற்றாக, திசுவைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி நொறுக்கும் முறையைக் கையாண்டும் நற்பயன் கண்டன.

பொறுத்திருத்தல்

கருவிக்கு இணையாக உதவியது காலம். வழக்கமான வளர்ப்புத் தட்டுகள் சில நாள்களில் குப்பைக்குச் சென்றுவிடும். ஆனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் வாழ்ந்து, முகப்பருவோடு தொடர்புடையதாக அறியப்பட்ட ‘ஆக்னிஸ்’ என்னும் கிருமி, உயிர்வளி இல்லாத சூழலில் மிக மெதுவாக வளர்வது. தோள் மூட்டுத் தொற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. ஜெர்மனியில் சேஃபர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுடைய 110 பேரில் ஏழு நாள்களுக்குள் 73.6 விழுக்காட்டினரிடமே கிருமி வளர்ந்தது. எஞ்சியவை இரண்டாம் வாரத்தில்தான் வெளிப்பட்டன. ஆதலால் பதினான்கு நாள் வரை பொறுத்திருத்தல் பல இடங்களில் நெறியாயிற்று. இரத்த வளர்ப்புக்கெனச் செய்யப்பட்ட புட்டிகளில் மாதிரியை இடுவதால் கிருமி விரைவாகவும் மிகுதியாகவும் கிட்டுவதையும் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் காட்டினர்.

நாளை நீட்டினால் மாசும் வளர நேரம் பெறும். ஆகவே பொறுமை மட்டும் தனித்து நின்றால் பிழை பெருகும். பல சாட்சிகளின் முறையோடு சேர்ந்தால்தான் அது பயன் தரும். இவ்விரண்டையும், மூட்டுநீரின் வெள்ளணுக் கணக்கு, திசுவின் நுண்ணோக்கித் தோற்றம் முதலியவற்றையும் ஒருங்கிணைத்து, தொற்று என்பதற்கு ஒரு வரையறை காணும் முயற்சி 2011இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2013இலும் 2018இலும் பிலடெல்பியாவில் பல நாட்டு வல்லுநர் கூடி அதனைத் திருத்தினர்; 2021இல் ஐரோப்பியச் சங்கம் தன் வரையறையை வெளியிட்டது. எந்தத் தனிச் சோதனைக்கும் முழுத்தீர்ப்பு வழங்கும் உரிமை இல்லை என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

வளர்ப்பையே நம்பாமல், கிருமியின் மரபுப்பொருளை நேரே தேடும் முறைகளும் இன்று உள்ளன. மருந்தால் வளர்ச்சி ஒடுங்கிய கிருமியையும் அவை காட்டக்கூடும். ஆனால் இறந்துபோன கிருமியின் எச்சத்தையும், சோதனைப் பொருளில் கலந்த மாசையும் அவை காட்டிவிடும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதை முழுமையாகச் சொல்லவும் அவற்றால் இன்னும் இயலவில்லை. கருவி புதிதாயினும், மாசா நோய்க்கிருமியா என்னும் பழைய வினா அகலவில்லை.

நம் ஊருக்கு இவ்வரலாறு கூறுவது

குளுவாங்கில் என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை போன்ற மாவட்ட மருத்துவமனைகளை நாடி வாழும் மக்களுக்கு, மேயோவின் மீயொலிக் கருவியும் ஆக்ஸ்போர்டின் ஆய்வுக்குழுவும் எட்டாத் தொலைவில் உள்ளவைபோல் தோன்றலாம். வரலாற்றை ஊன்றி நோக்கின் அவ்வாறன்று. பெரும்பயன் தந்த மாற்றங்களுள் பல, விலையில்லாதவை. பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பதை விடுத்துத் திசுவையே எடுத்தல். ஒன்றுக்கு ஐந்தாக எடுத்தல். ஒவ்வொன்றையும் தனிக் கருவியால் எடுத்துத் தனிக் கலத்தில் இடுதல். நோயாளியின் நிலை இடங்கொடுப்பின், மாதிரி எடுக்கும்வரை ஆண்டிபயாட்டிக் மருந்தைத் தவிர்த்தல். தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர்த்தல். தட்டுகளை விரைந்து வீசாமை. இவை யாவும் ஒழுங்கின் பாற்பட்டவை.

மேலைநாட்டு நெறிகள் விரிவாகக் கூறாத ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் மூட்டு மாற்றம் பெறுவோருள் மண்ணோடும் சேற்றோடும் வாழ்நாள் முழுவதும் பழகியோர் பலர். நாட்டின் சுகாதார ஆய்வுகள் இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதி எனத் தொடர்ந்து காட்டிவருகின்றன. நீரிழிவோ மெலியாய்டோசிஸ் நோய்க்கு முதன்மையான வாயில். அக்கிருமி உடலில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கவும் வல்லது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவில் சிறைப்பட்டிருந்த ஒருவரிடம் 62 ஆண்டுகளுக்குப் பின் அது வெளிப்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு. ஆகவே நோயாளி தோட்டத்தில் உழைத்தவரா, நீரிழிவு உடையவரா என்னும் இரண்டு வரிகளை மாதிரியோடு எழுதியனுப்பினால், ஆய்வுக்கூடத்தார் அதற்குரிய ஊடகத்தையும் தேர்வர். பாதுகாப்புப் பெட்டகத்துள் வைத்துக் கையாண்டு தம் உயிரையும் காத்துக்கொள்வர். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத அக்கிருமிக்குரிய மருந்தும் காலத்தில் கிட்டும்.

நோயாளியும் அவர்தம் மக்களும் செய்யத்தக்கதும் உண்டு. மாற்றிய மூட்டில் புதிதாக வலியோ கசிவோ தோன்றின், வீட்டில் மிஞ்சிய மாத்திரையை எடுத்து விழுங்காமல், அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுதல் நலம். ஏற்கெனவே ஏதேனும் உட்கொண்டிருப்பின் அதனை மறையாமல் கூறுதல் வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து வருமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தமிழில் அறிவியல் எழுதுவோர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பணி இருக்கிறது. ‘கிருமி வளரவில்லை’ என்னும் ஆய்வுக்கூட முடிவைக் ‘கிருமி இல்லை’ என மொழிபெயர்த்துக் கூறும்போது, இரண்டு சொற்களுக்கிடையே ஒரு மனிதரின் கால் சிக்கிக்கொள்கிறது. முன்னது சோதனையில் கண்டது. பின்னது நாமாகக் கொண்ட முடிவு. ‘மாசு’ என்பதும் அவ்வாறே சான்று கேட்டபின் வழங்கத்தக்க தீர்ப்பேயன்றி, சான்றைக் கேளாமல் தவிர்க்கும் வழியன்று. இரங்கூன் பிணக்கூடத்தில் கிருஷ்ணசாமியும் விட்மோரும் வேறுபாட்டைக் கண்டு நின்றதும், லுண்ட் நகரில் ஐந்து துண்டுகள் எடுக்கப்பட்டதும், பெல்பாஸ்ட்டில் எறியவேண்டிய மூட்டு நீரில் இடப்பட்டதும் இந்த ஒரே ஒழுக்கத்தின் வெவ்வேறு காலத்து வடிவங்கள். அவ்வொழுக்கம் குளுவாங்கின் அறுவை அறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நம் வீட்டுப் பேச்சிலும் நிலைக்குமாயின், பால்மரத்தடியில் தேய்ந்த முழங்கால்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு முழுமை பெறும்.